வெள்ளிக்கிழமை ஆல்பம், வெள்ளிக்கிழமையே தீர்ப்பு

2015ல இருந்து உலகம் முழுக்க புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகுது. மெட்டலும் அப்படித்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆல்பம் வந்துச்சுன்னா, காலையில மெஸ்ல பொங்கல் தட்டோட நாம உட்கார்றதுக்குள்ள தீர்ப்பும் வந்துடும். "இந்த வருஷத்தோட மாஸ்டர்பீஸ்." "இவங்க கதை முடிஞ்சுது." ஆல்பமே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். எழுதினவர் அதை முழுசா ஒரு தடவை கேட்டிருந்தாலே பெரிய விஷயம்.

இந்த அவசரத் தீர்ப்புகளைப் பத்தியும், நான் பொறுமையா கேட்ட மூணு ஆல்பங்களைப் பத்தியும்தான் இந்தக் கட்டுரை.

மெட்டல் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். எக்ஸ்ட்ரீம் மெட்டல் ஒரே வகை கிடையாது. டெத் மெட்டல், பிளாக் மெட்டல், டூம், கிரைண்ட்கோர்னு நிறைய கிளைகள் இருக்கு. நிறைய இடத்துல பொதுவா இருக்கிறது மூணு: சுருதி இறக்கி வெச்ச கிட்டார், உறுமல் குரல், பிளாஸ்ட் பீட். உறுமல்னா தொண்டையைக் கிழிச்சுக்கிறது இல்ல. குரல் நாண்களுக்கு மேல இருக்கிற பொய்க் குரல் மடிப்புகளை அதிர வெச்சு எழுப்புற சத்தம், அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். பிளாஸ்ட் பீட்ல ஸ்னேரும் பேஸ் ட்ரம்மும் மாறி மாறி விழும். நிமிஷத்துக்கு இருநூறு பீட்டைத் தாண்டினதும் தனித்தனி அடி காதுல விழாது, தகரக் கூரை மேல மழை பெய்யற மாதிரி ஒரே பரப்பா கேட்கும். எங்கம்மா முதல் தடவை கேட்டப்போ, "யாருக்குடா உடம்பு சரியில்ல?"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ராகம் பழகாத காதுக்கு எல்லா ஆலாபனையும் ஒண்ணாத்தான் இருக்கும். இதுவும் அதே கதை.

நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல ரெண்டு பக்கம் சேர்த்து எழுதறது இப்போதான். எழுத உட்கார்ந்ததும் ஒரு விஷயம் புரிஞ்சுது. இங்கிலீஷ்ல மெட்டல் ரிவ்யூ எழுத நாலு வார்த்தை போதும்: புரூட்டல், க்ரஷிங், ஃபில்தி, ரெலென்ட்லெஸ். இதை வரிசை மாத்திப் போட்டா எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும். தமிழ்ல "கொடூரமான ஆல்பம்"னு எழுதினா, மட்டமான ஆல்பம்னு அர்த்தம் ஆயிடுது! வேற வழி இல்லாம, காதுல என்னதான் விழுதுன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு.

மூணு ஆல்பமும் 2024ல வந்தது. மூணுக்கும் பெரிய சண்டை நடந்தது.

முதல்ல அல்சரேட். நியூசிலாந்து, ஆக்லாந்துல இருந்து மூணே பேர். ஆல்பம் பேரு 'கட்டிங் தி த்ரோட் ஆஃப் காட்'. ஏழு நீளமான பாட்டு. நாம அபஸ்வரம்னு சொல்லி ஒதுக்குறதையே அஸ்திவாரமா வெச்சு வீடு கட்டுறவங்க இவங்க. 2020ல வந்த முந்தின ஆல்பத்துலயே கொஞ்சம் மெலடி உள்ள வந்துச்சு, இதுல இன்னும் அதிகம். பழைய ரசிகர்களோட புகார், "மென்மையாயிட்டாங்க." எனக்கு அப்படித் தோணல. எல்லாமே அபஸ்வரமா இருந்தா காது பத்து நிமிஷத்துல பழகிடும், அப்புறம் எதுவும் உறுத்தாது. இங்க ஒரு மெட்டு உருவாகுது, நாம அதை நம்ப ஆரம்பிக்கிறோம், அந்த நேரத்துல அது வளைஞ்சு உடையுது. உடையறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே வலிக்கும்?

என்னோட குறை வேற. ஏழு பாட்டும் ஏறி இறங்குற விதம் ஒண்ணாவே இருக்கு. ஒவ்வொண்ணும் தனியா பிரமாதம். வரிசையா கேட்டா அஞ்சாவது பாட்டுக்கு மேல, அடுத்து எங்க ஏறப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுடுது. ஜேமி செயின்ட் மெராட்டோட ட்ரம்ஸ் மட்டும்தான் கடைசி வரைக்கும் யூகிக்க முடியாம இருக்கு.

ரெண்டாவது ப்ளட் இன்கான்டேஷன், அமெரிக்காவோட டென்வர்ல இருந்து. 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' அக்டோபர்ல வந்துச்சு. ரெண்டே பாட்டு, ஒவ்வொண்ணும் இருபது நிமிஷத்தைத் தொடும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் மூணு பகுதி. பெர்லின்ல இருக்கிற ஹன்சா ஸ்டூடியோவுக்குப் போய் பதிவு பண்ணாங்க. டேவிட் போவி எழுபதுகள்ல வேலை செஞ்ச அதே ஸ்டூடியோ. டேன்ஜரின் ட்ரீம் குழுவோட தார்ஸ்டன் க்வேஷ்னிங் ஒரு பகுதியில சிந்தசைசர் வாசிச்சிருக்கார். டெத் மெட்டல் ஓடிட்டு இருக்கும்போதே திடீர்னு பிங்க் ஃப்ளாய்ட் மாதிரி மிதக்க ஆரம்பிச்சு, மறுபடி டெத் மெட்டலுக்குள்ள விழுது.

இதுக்கு வந்த கருத்துகள் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, மெட்டலோட எதிர்காலமே இதுதான். இன்னொண்ணு, மெட்டல் கேட்காத பத்திரிகைக்காரங்க ஏத்திவிட்ட பலூன். ரெண்டு பக்கமும் பேண்டைப் பத்திப் பேசறாங்களே தவிர, பாட்டைப் பத்திப் பேசல. பாட்டுல கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்: ஒட்டு எப்படி இருக்கு? முதல் பாட்டோட முதல் பகுதியில, டெத் மெட்டல்ல இருந்து மிதப்புக்கு மாறுற இடம் டிவி சேனல் மாத்தின மாதிரி இருக்கு. ரெண்டாவது பாட்டுல அப்படி இல்ல. நடுப்பகுதியில சுத்தமான குரல் வரும்போது, அது அங்க வந்தே ஆகணும்னு தோணுது. அதனால இது பாதி ஆல்பம் ரொம்ப நல்ல ஆல்பம். "பாதி நல்லா இருக்கு"ன்னு சொன்னா யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க, அது வேற விஷயம்.

மூணாவது ஸ்வீடனோட ஓபெத், 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. 2008ல வந்த 'வாட்டர்ஷெட்'டுக்கு அப்புறம் நாலு ஆல்பத்துல மைக்கேல் ஓகர்ஃபெல்ட் உறுமவே இல்ல. 2024 நவம்பர்ல வந்த இந்த ஆல்பத்துல உறுமினார். அவ்வளவுதான், எல்லா ரிவ்யூவுக்கும் தலைப்பு கிடைச்சுடுச்சு: உறுமல் திரும்பி வந்தது. பாதி பேர் அதுக்காகவே மார்க்கை ஏத்திப் போட்டாங்க.

உண்மையில அந்த ஆல்பம் ஒரு கதை. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம். ஒரு பணக்காரக் குடும்பத்தோட பெரியவர் செத்துட்டார், அவரோட உயில் படிக்கப்படுது. ஒவ்வொரு பத்தியிலயும் ஒரு ரகசியம் வெளிய வருது. ஏழு பாட்டுக்குப் பேரே கிடையாது, உயிலோட பத்தி எண் மட்டும்தான். கடைசி எட்டாவது பாட்டுக்குத்தான் பேர் இருக்கு. ஜெத்ரோ டல்லோட இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசிச்சு, இடையில வசனமும் பேசறார். இப்படிப்பட்ட கதையில உறுமல் ஒரு பாத்திரம், செத்தும் அதிகாரத்தை விடாத ஒரு அப்பனோட குரல். அதைப் போய் "பழைய ஓபெத் வந்தாச்சு"ன்னு விசில் அடிச்சு முடிச்சுட்டா, ஆல்பத்துல பாதி காதுல விழாமலே போயிடும். நடுவுல ரெண்டு மூணு பாட்டு ஐடியா மேல ஐடியாவா அடுக்கி மூச்சு விட விடல, அது எனக்குக் குறைதான். கடைசிப் பாட்டுல மெதுவானதும்தான் முன்னாடி எவ்வளவு நெரிசல்னு தெரியுது.

ரிவ்யூக்கள்ல அதிகம் பேசப்படாத ஒரு விஷயமும் இருக்கு, அது நம்ம இசிஇ பசங்க ஏரியா. சத்தம். ஒரு சிடியில 16 பிட். பிட்டுக்கு சுமார் 6 டெசிபல்னு வெச்சா 96 டெசிபல் இடம் இருக்கு. ஆனா பல மெட்டல் ஆல்பங்கள் அதுல மேல் ஓரத்துல ஒரு சின்னத் துண்டை மட்டும் பயன்படுத்தும். லிமிட்டர் போட்டு எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு அமுக்கிடறாங்க. (எம்பி3 ஃபைலைச் சின்னதாக்குற கம்ப்ரஷன் வேற, இது வேற.) ஆடாசிட்டியில திறந்து பாருங்க, மலை மாதிரி தெரிய வேண்டிய அலை செங்கல் மாதிரி நிக்கும். 2008ல மெட்டாலிகாவோட 'டெத் மேக்னெட்டிக்' இதனாலயே பேர் கெட்டுச்சு. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ கேம்ல தெளிவா கேட்டதை ரசிகர்களே கண்டுபிடிச்சாங்க.

எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்கு இதுல நஷ்டம் ஜாஸ்தி. ட்ரம் அடியோட பலம் அதோட முதல் சில மில்லிசெகண்ட் உச்சியில இருக்கு. அமுக்கும்போது முதல்ல போறது அந்த உச்சிதான். ட்ரம்மர் உயிரைக் கொடுத்து வாசிச்ச பிளாஸ்ட் பீட், டைப்ரைட்டர் சத்தமா வந்து சேருது. ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப் எல்லாப் பாட்டையும் சுமாரா ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்துடறதால, அமுக்கினதுல லாபமும் கிடையாது. தட்டையானது மட்டும்தான் மிச்சம்.

நான் விமர்சகர்களுக்கு எதிரி இல்ல. இந்த மூணு பேண்டையுமே யாரோ எழுதினதைப் படிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். நல்ல ரிவ்யூவுக்கு எனக்கு ஒரே ஒரு டெஸ்ட்: போய்க் கேட்டு சரிபார்க்கிற மாதிரி ஒரு வாக்கியமாவது அதுல இருக்கணும். "இந்த இடத்துல பேஸ் காணாமப் போகுது"ன்னா நான் போய்ப் பார்த்துடலாம். "ஆன்மாவை நசுக்கும் அனுபவம்"னா எதைப் பார்க்கிறது? இந்த வட்டாரத்துல குறை சொல்லவும் பயம் இருக்கு, உடனே 'போஸர்'னு முத்திரை குத்திடுவாங்க. அதனாலதான் எல்லா ஆல்பத்துக்கும் பத்துக்கு எட்டு. வருஷக்கணக்கா உழைச்சவங்களுக்கு, கேட்காமலே போடுற எட்டு மரியாதை இல்ல.

இதெல்லாம் ஒரு ஃபைனல் இயர் பையனுக்கு எதுக்குன்னு என் ரூம்மேட் கேட்டான். பிளேஸ்மென்ட் டிரெயினிங்ல எங்களுக்கு ஜிடி சொல்லிக் கொடுத்தாங்க. தலைப்பு கொடுத்ததும் முதல்ல பேசறவனுக்கு மார்க். தெரியலன்னாலும் உறுதியாப் பேசணும். அடிச்சுவிடத் தெரிஞ்சவன் அடுத்த ரவுண்டுக்குப் போறான். அதுக்கு முன்னாடி நாலு வருஷமும் ஆன்சர் கீயோடதான் ஓடுச்சு. யூனிட் ரெண்டுல ஒரு பதினாறு மார்க், ஸ்கீம்ல இருக்கிறதை எழுதினா மார்க். தப்புன்னு சொல்லல, டிகிரி வேணும், வேலை வேணும். ஆனா இந்த நாலு வருஷத்துல ஆன்சர் கீ இல்லாம, யாரும் மார்க் போடாம, நானா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்த விஷயங்களை எண்ணினா ஒரு கை விரல் போதும். 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' பாதிதான் நல்ல ஆல்பம்ங்கிறது அதுல ஒண்ணு. உலகத்துக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்கு இருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல ஒரு டிசைனை எல்லாரும் சூப்பர்னு சொல்லும்போது, "ஒரு நிமிஷம், ஒட்டு சரியில்ல"ன்னு சொல்றதுக்கும் இதே பழக்கம்தான் வேணும்.

மெட்டல் பிடிக்கலன்னா விடுங்க. படம், கவிதை, கானா, எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணை எடுத்து மூணு தடவை முழுசா கேளுங்க, பாருங்க. அப்புறம் 'வேற லெவல்', 'மொக்கை' ரெண்டு வார்த்தையும் இல்லாம அஞ்சு வரி எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்க. மூணாவது வரியிலேயே திணறும். திணறட்டும், அங்கிருந்துதான் உங்க சொந்தக் கருத்து ஆரம்பிக்கும்.