பின்னால் வருகிறவருக்கான விளக்கு



பழைய மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் பொருத்தப்பட்ட மண்ணெண்ணெய் விளக்கு, ஓட்டுகிறவருக்கு வழி காட்டுவதற்காக வைக்கப்பட்டதன்று. அதன் சுடர் நம் வீட்டு அரிக்கேன் விளக்கின் சுடரைவிடப் பெரிதல்ல. பின்னால் வருகிறவரின் கண்ணில் படவேண்டும். அதுவே அதன் ஊழியம். விளக்கு என்றவுடன் நாம் நம் பாதையை நினைக்கிறோம். மலைப்பிரசங்கத்தின் விளக்கோ வீட்டிலுள்ள யாவருக்காகவும் தண்டின்மேல் வைக்கப்பட்டது.

1914-ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் டி வண்டியில் முன்விளக்குகள், கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டும்போது உண்டாகும் அசிட்டிலீன் வாயுவால் எரிந்தன. பக்கவிளக்குகளுக்கும் பின்விளக்குக்கும் மண்ணெண்ணெய். 1915 மாடலில் முன்விளக்குகள் மின்சாரத்திற்கு மாறின. எஞ்சினின் மாக்னெட்டோவே மின்சாரம் தந்தபடியால், எஞ்சின் மெதுவாகச் சுழன்றபோது வெளிச்சமும் மங்கிற்று. பக்கவிளக்குகளிலும் பின்விளக்கிலும் மண்ணெண்ணெயே தொடர்ந்தது. குதிரைவண்டிகளோடு சாலையைப் பகிர்ந்துகொண்ட காலத்திற்கு அது போதுமாயிருந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நான் சந்தித்த ஒரு பெரியவரிடம் அத்தகைய 1914 மாடல் வண்டி இருந்தது. விளக்கில் கைவைக்க மனமில்லாமல், நெடுநாள் அதைப் பகலில் மட்டுமே ஓட்டினார். பேரப்பிள்ளைகள் பின்னிருக்கையில் ஏறத் தொடங்கியபின் அவர் மனம் மாறிற்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை, 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அந்திப்பொழுதில் காணவேண்டுமே!

“பாஸ்டர், இந்தப் பித்தளையில் ஒரு துளைகூடப் போடமாட்டேன்” என்றார். பர்னரையும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பல்பு ஹோல்டரைப் பொருத்தினார். கம்பியைக் காற்றுத் துவாரத்தின் வழியே வெளியே எடுத்தார். 6 வோல்ட் பேட்டரியும், அதன் அருகிலேயே ஒரு ஃபியூஸும் வைத்தார். திரியின் சுடர் நின்ற அதே உயரத்தில் பல்பு நிற்கவேண்டும் என்பதில் மிகவும் பிடிவாதமாயிருந்தார். கண்ணாடி அந்தச் சுடருக்கென்றே அமைக்கப்பட்டதாம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே குளிர்வெண்மை எல்.இ.டி. வெளிறித் தெரியும், ஆகவே சிவப்பு எல்.இ.டி. வேண்டும். ஆனால் அதே விளக்கின் பக்கவாட்டில், எண்பலகையின்மேல் ஒளி விழுவதற்கென்று நிறமற்ற கண்ணாடி ஒன்றும் உண்டு. அங்கே சிவப்பு விழலாகாது என்று சிறிய வெள்ளை எல்.இ.டி. ஒன்றை அப்பக்கம் திருப்பி வைத்தார்.

பழமையைக் கெடுத்துவிட்டார் என்று முகஞ்சுளித்தவர்கள் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. மண்ணெண்ணெய் வாசனை போயிற்றே என்பதில் மாத்திரம் எனக்குச் சற்று வருத்தம்.

கழற்றிய பர்னரையும் தொட்டியையும் துடைத்து, துணியில் சுற்றி, ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். பெட்டியின்மேல் மூத்த பேரனின் பெயர் எழுதப்பட்டிருந்தது.