பெட்டிக்குள் கடல்

பெட்டி கட்டச் சொன்னால் நான் வீட்டையே கட்டிவிடுவேன் என்பது இவருடைய கட்சி. அந்தமான் கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கப் போனபோது அந்தப் பேச்சு எடுபடவில்லை. விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான். காற்றுச் சிலிண்டர் மட்டுமே சுமார் 14 கிலோ! அதையும் ஈயக் கட்டிகளையும் அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பானது, தடித்த உடை எதற்கு?

மாஸ்க்கை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்தேன். கையை எடுத்தும் விழவில்லை. அதுதான் என் அளவு. நெற்றி மயிர் ஓரத்தில் சிக்கினாலும் தண்ணீர் கசியுமாம். இவர் மீசைக்கு நான்கு மாஸ்க் பார்த்தோம்! 12 மீட்டர் ஆழத்தில் கண்ணில் உப்புநீர் புகுந்தால், பயம் நம்மைக் கேட்டுக்கொண்டா வரும்?

அது பெட்டியில் போகவில்லை. என் கைப்பையில், வளையல்களுக்குப் பக்கத்தில் வந்தது.