நனைவதற்கு ஒரு சோடி

மாலைதீவுக்குப் போகிறவர்கள், என்ன உடுப்புக் கொண்டுபோவது என்று என்னிடம் கேட்பதுண்டு. வெயிலுக்குப் பருத்தியே சுகம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. மெல்லிய மழைக்கோட்டொன்று வேண்டும். சாரன் இரண்டு வையுங்கள். தொழவும் உறங்கவும் உதவும்.

உல்லாச விடுதித் தீவுகளில் நீச்சலுடைக்குத் தடையில்லை. மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற தீவுகளில் அதற்கென்று தனிக்கரை உண்டு. மற்றக் கரைகளில் அவ்வூர்ப் பெண்கள் முழு உடுப்போடே கடலில் இறங்குகிறார்கள். அதைக் கண்ட பிறகு என் மகளும் இறங்கினாள். கடலோர ஊரில் பிறந்தும், கணுக்காலுக்கு மேல் அவள் கடலில் நனைந்தது அன்றுதான். ஊரில் அவளைக் கரையிலேயே நிறுத்தியவை நம்முடைய கண்கள்.

பருத்தி நனைந்தால் கனக்கும், உடம்போடு ஒட்டும். ஆகவே பெண்பிள்ளைகளுக்கு, நனைவதற்கென்றே கடும் நிற நைலோன் உடுப்பு ஒரு சோடி வையுங்கள்.