பின்பாரம்

வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் புறப்படுகிறவர்கள் நாம். வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு புறப்படும் ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள். 2018-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒன்பது நாள் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தேன்.

என் மகன் அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் இருக்கிறான். பேரனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதோ ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்திருந்தேன். "ஏரோப்ளேன்ல போனா ஊரைப் பார்த்த மாதிரி ஆகாதுப்பா" என்று சொல்லி, ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

இருபத்து நாலு அடி நீளம். உள்ளே அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை எல்லாம் இருந்தன. முன்பக்கத்துப் பெரிய கட்டில் வயசுக்கு மரியாதையாக எனக்கு. நடுவில் இருந்த சாப்பாட்டு மேஜை ராத்திரியில் மகனுக்கும் மருமகளுக்கும் படுக்கையாகிவிடும். பின்கோடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பலகைப் படுக்கைகள். மேல்தட்டு எட்டு வயதுப் பேரனுக்கு. இத்தனை இருந்தும் எஞ்சின் மாத்திரம் கிடையாது. லாரி மாதிரியான ஒரு பெரிய காரின் பின்னால், பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் டிரெய்லரின் மூக்கை மாட்டி, இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகக் கோத்துவிட்டால் குடித்தனம் புறப்பட்டுவிடும். ஆனால் கழிவுத் தொட்டி நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய், நாமே குழாயைப் பொருத்தி வடிக்க வேண்டும். எம். எஸ். படித்த என் மகன் கையுறை மாட்டிக்கொண்டு அந்தத் திருப்பணியைச் செய்தபோது நான் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த நாட்டில் இது ஒரு பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். ஏர்ஸ்ட்ரீம் என்னும் வெள்ளிநிற டிரெய்லர்களைச் செய்து விற்ற வாலி பையம், 1959-இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஒரு டிரெய்லர் ஊர்வலத்தையே நடத்தினார். மறு வருஷம் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், லாரியின் மேல் ஒரு சிறு வீட்டைப் பொருத்திக்கொண்டு, நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தேசத்தைச் சுற்றினார். அந்தப் பிரயாணம் 1962-இல் புத்தகமாக வந்தது. அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நானும் நாவல் எழுதுகிறவன். ஆகவே புறப்படும்போது எனக்கும் சில ஆசைகள் இருந்தன.

முதல் நாள் அமரில்லோ வரை, சுமார் 360 மைல். ராத்திரி தங்கல். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் தண்ணீர் பாட்டில் பெட்டிகள் ஐந்து, அரிசிப் பைகள் இரண்டு, மருமகளின் மாவரைக்கும் இயந்திரம், என் புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் மகன் அடுக்கியிருந்தான். ராத்திரி எழுந்தபோது முழங்காலில் சரியான இடி. 'வயசானவன் படுக்கும் இடத்தில் சாமானை அடுக்கியிருக்கிறானே!' என்று எனக்குக் கோபம்.

காலையில் அவன் பணம் கட்டப் போயிருந்தான். மருமகள் குளிக்கப் போயிருந்தாள். பேரனும் நானுமாக எல்லாவற்றையும் நகர்த்திப் பின்கோடிப் படுக்கைக்கு அடியிலிருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். "அப்பாகிட்ட கேட்க வேண்டாமா, தாத்தா?" என்றான் பையன். "உங்க அப்பாவுக்கே சாமான் அடுக்கக் கத்துக் கொடுத்தவன் நான்" என்றேன்.

அன்றைக்கு ஆல்புகர்க்கி நகரத்தை நோக்கிப் போனோம். டெக்ஸாஸின் மேற்குக் கோடியில் ஏட்ரியன் என்று ஒரு சிற்றூர். 1926-இல் ஏற்பட்டு 1985-இல் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட புகழ்பெற்ற 66-ஆம் நம்பர் சாலைக்கு அதுதான் நடுமையம். சிகாகோவுக்கு 1139 மைல், லாஸ் ஏஞ்சலிஸுக்கும் 1139 மைல் என்று பலகை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே போனோம். ஒரு மரம் கிடையாது; ஓயாத பக்கக் காற்று. டிரெய்லர் அவ்வப்போது தலையாட்டியது. "காத்து ஜாஸ்தி" என்று மகன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

ஆல்புகர்க்கிக்குக் கிழக்கே மலை. ஏறக்குறைய 7000 அடி உயரத்திலிருந்து திஹேரஸ் கணவாய் வழியாகச் சாலை இறங்குகிறது. திஹேரஸ் என்றால் ஸ்பானிய மொழியில் கத்தரிக்கோல். ஒரு பெரிய லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து போயிற்று. மறுகணம் பின்னால் இருந்த வீடு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக வந்தது. எங்கள் காரின் பின்புறத்தையும் சேர்த்து இழுத்தது. மருமகள், "முருகா!" என்றாள். "பிரேக்கைப் போடுடா!" என்று நான் கத்தினேன்.

அவன் போடவில்லை. ஸ்டீரிங்கைத் திருப்பவும் இல்லை. வேகம் கொடுக்கும் காலை மெதுவாக எடுத்துவிட்டு, டிரெய்லருக்கு மாத்திரம் தனியாக உள்ள பிரேக்கைக் கையால் அழுத்தினான். பின்னாலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி டிரெய்லர் நேராயிற்று. சாலையோரம் நிறுத்திய பிறகுதான் அவன் கை நடுங்குவதைக் கவனித்தேன். நான் சொன்னபடி காலால் பிரேக்கை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு கேட்டேன். "மடங்கி உருண்டிருக்கலாம்ப்பா" என்றான்.

இறங்கிக் கொக்கியைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான், டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "மொத்த எடையிலே பத்துலேர்ந்து பதினைஞ்சு சதவீதம் மூக்கு மேலே உட்காரணும். பின்னாலே பாரம் போனாத்தான் இப்படி ஆடும். ஆனா நான் டாலஸ்லேயே எடைமேடையிலே ஏத்திப் பார்த்தேனே! கொக்கியை மாட்டினதுலே என்னமோ தப்புப் பண்ணியிருக்கேன். மன்னிச்சுக்கோங்கப்பா" என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தஞ்சாவூர்ச் சீமையில் மாட்டு வண்டியில் வளர்ந்தவன் நான். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் மூக்கணை மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். "கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க சாமி" என்று வண்டிக்காரர் சொல்வார். அந்தப் படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ!

பேரன் என் முகத்தைப் பார்த்தான். நான் பேசவில்லை.

அன்று ராத்திரி யாருக்கும் சமைக்கத் தெம்பில்லை. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தோம். காலை நீட்டித் தாராளமாகப் படுக்க எனக்கு இடம் இருந்தது, தூக்கம்தான் இல்லை. என் மகன் ஆறாம் வகுப்பில் ஒரு தடவை பிராக்ரஸ் ரிப்போர்ட்டை ஒளித்து வைத்தான். கண்டுபிடித்து அடித்தேன். 'மார்க் குறைந்ததற்காக அடிக்கவில்லை. மறைத்தாய் பார், அதற்காக' என்று பிரசங்கமும் செய்தேன். மேல்தட்டில் பேரன் புரண்டு புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாத்தாவைக் காட்டிக் கொடுப்பதா, அப்பாவிடம் மறைப்பதா என்ற தர்மசங்கடத்தை எட்டு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, நான் கட்டிலில் சௌகரியமாகப் படுத்திருந்தேன். விடிந்தால் இன்னும் 325 மைல், மலைச்சாலை வேறு.

பொழுது விடிந்ததும் மகன் தொலைபேசியில் புதுக் கொக்கி விற்கும் கடையைத் தேடிக்கொண்டிருந்தான். "கொக்கியிலே தப்பு இல்லேப்பா. சாமானையெல்லாம் நான்தான் பின்னாலே தள்ளி வெச்சேன். நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல்லே" என்றேன்.

"நானும்தான் தூக்கினேன்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நல்ல வேளை, சொன்னீங்க. கொக்கியை மாத்திட்டு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நம்பிக் கிளம்பியிருப்பேன்" என்றான். அவ்வளவுதான். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிராக்ரஸ் ரிப்போர்ட் விஷயம் அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மூன்று பேருமாகச் சேர்ந்து சாமானை முன்பக்கம் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு டிரெய்லர் பசுமாடு மாதிரி பின்னால் வந்தது. கிராண்ட் கான்யனைப் பார்த்தோம். அதன் ஆழத்தை எழுதப் பலர் முயன்றிருக்கிறார்கள். நானும் சேர்ந்து அதற்குச் சிரமம் கொடுக்கப் போவதில்லை. திரும்பி வந்த நாட்களில் ஒவ்வொரு நாள் காலையும் வண்டியைக் கிளப்புமுன் என் மகன், "அப்பா, பாரம் பாத்தாச்சா?" என்று என்னைக் கேட்பான். நானும் பேரனும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாத்தாச்சு" என்போம்.

தினமும் ராத்திரி முழங்காலை இடித்துக்கொண்டுதான் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.