பொறுப்புக் கடிதம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் பழைய மாணாக்கன் ஒருவன் காகித உறையொன்றுடன் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றான். குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஓடும் படகுகளின் டீசல் இயந்திரங்களைத் திருத்துபவன் அவன். விரல்களில் எண்ணெய்க் கறை காயவில்லை.

"சேர், அவுஸ்திரேலியாவிலை ஒரு கொம்பனி என்னை எடுக்கச் சம்மதிச்சிருக்கு. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றான்.

"இரும் தம்பி" என்று கூறிக் கடிதத்தைப் பிரித்தேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியிலே, கோதுமை வயல்களிடையே உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த கடிதம் அது. சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் ஆகிய மூன்று மாநகரங்கள் நீங்கலாக ஏனைய இடங்களையெல்லாம் அத்தேசத்தார் பிராந்தியப் பகுதிகள் என வகுத்திருக்கின்றனர். அங்கே உள்ளூரில் ஆள் கிடையாத தொழிலுக்கு, தொழில் தருபவரே பொறுப்பேற்று வெளிநாட்டவரை அழைக்கலாம். 2019 ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட இவ்விசா ஐந்தாண்டுகளுக்குரியது. வந்தவர் பிராந்தியப் பகுதியிலேயே வசித்துத் தொழில் புரிதல் வேண்டும். மூன்றாண்டுகள் நிபந்தனை வழுவாது இருந்தபின் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

எங்கள் பூட்டனாரும் இத்தகைய அழைப்பின் பேரில் மலாயாவுக்குக் கப்பலேறியவரே. அங்கே 1885 ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் பாதைகள் பெருகப் பெருக, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் வேண்டப்பட்டனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளால் எத்தனை கல்வீடுகள் எழுந்தன! ஆகவே, 'போகாதே' என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

ஆயினும் ஒன்றைக் கேட்டேன். "இதற்கு யாருக்கேனும் பணம் கொடுத்தீரோ?"

அவன் தலை குனிந்தான். இடையில் நின்ற ஒருவர், 'பொறுப்பேற்பவருக்கு' என்று சொல்லிச் சில இலட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். தாயாரின் தாலிக்கொடியை அடகு வைக்கும் யோசனையும் நடந்திருக்கிறது.

"கொடாதேயும்" என்றேன். பொறுப்பேற்பதற்குக் கைம்மாறாகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் அந்நாட்டிற் சட்டவிரோதம். தொழிலாளர் பயிற்சி நிதிக்குரிய கட்டணத்தையும் தொழில் தருபவரே செலுத்த வேண்டும். வேலை இழந்தால் வேறொரு பொறுப்பாளரைத் தேட, 2024 யூலை முதல் ஒரு தடவைக்கு 180 நாட்கள் வரை அவகாசமுண்டு. முன்பு 90 நாட்களே இருந்தன. கடன்பட்டுச் செல்பவன் இவ்வுரிமைகளை அறிந்தும் வாய் திறவான். எசமானின் கோபத்துக்கு அஞ்சியே காலம் கழிப்பான். கொம்பனிக்கு நேரே எழுதி விசாரிக்கும்படி சொன்னேன். அவன் முகம் தெளிந்தது.

அவன் சென்றபின் என் மனந்தான் தெளியவில்லை. எங்கள் தீவுகளும் ஒதுக்குப்புறமே. இங்குள்ள பாடசாலைகளைக் 'கஷ்டப் பிரதேசம்' என்றே குறிக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் போரினாற் பெயர்ந்தவர்களிற் பலர் திரும்பவில்லை. இந்நிலையில், நடுக்கடலில் இயந்திரம் நின்றால் பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணின் கதி என்ன? எங்கோ ஒரு சிற்றூர் இவனுடைய கைத்திறனின் பெறுமதியை உணர்ந்து கடிதம் எழுதிவிட்டது. பத்தாண்டுகளாக அவன் திருத்திய படகுகளிற் பிரயாணஞ் செய்த நாங்கள், ஒரு நன்றிச் சொல்லேனும் சொன்னோமா?

மறுவாரம் அவனிடமே இதைக் கேட்டேன். "அயல் வீட்டுப் பெடியன் ஒருத்தனைப் பழக்கிறன், சேர். கெட்டிக்காரன். ஆனா அவனுக்குப் பஸ் காசுக்கும் வழியில்லை" என்றான்.

இருவருமாகப் படகுச் சொந்தக்காரர் சிலரைக் கண்டு பேசினோம். அச்சிறுவன் யாழ்ப்பாணத்தில் தொழிற்பயிற்சி பெறும் காலம் முழுவதும் போக்குவரத்துச் செலவை அவர்கள் ஏற்பதென்றும், பயிற்சி முடிந்ததும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவதென்றும் முடிவாயிற்று. வாய்ச்சொல் போதாதென்று நானே அதனைத் தாளில் எழுதினேன். சாட்சிக் கையெழுத்தும் இட்டேன்.

மூத்தவன் இன்னும் சில மாதங்களிற் போய்விடுவான். நலமே போய் வரட்டும். எங்கள் இளைஞருக்குப் பிறதேசத்தார் கடிதம் எழுதுமுன், நாமும் ஒன்று எழுதிப் பார்ப்போமே.