தஞ்சாவூர் ஹாலில் ஒரு கடல்!

தஞ்சாவூரில் கடல் இல்லை என்று யார் சொன்னது? அரண்மனைக்குள் போய்ப் பாருங்கள். தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஜம்மென்று படுத்திருக்கிறது!

மேல வீதியில் குடியிருக்கும் பாங்க் நண்பர் இதைவிட ஒரு படி மேலே போய், ஹாலுக்கே கடலைக் கொண்டுவரத் தீர்மானித்துவிட்டார். பவளப் பாறை மாதிரி ஒரு தொட்டி, அதில் கோமாளி மீன், மீசை ஆட்டும் இறால், நத்தை... இத்யாதி. மாற்றலாகிப் போன அவருடைய மாமா விட்டுச்சென்ற சாமான்கள் மாடியில் கிடந்தன. 4 அடிக் கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, மோட்டார், டியூப் லைட், ஹீட்டர், ஒரு கோணி நிறையக் கல்லும் மணலும்.

"எல்லாம் ஓசி சார்! உப்பு வாங்கினா வேலை முடிஞ்சுது."

அங்கேதான் சங்கதியே இருக்கிறது. கடல் மீனுக்கு உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வரும். அதற்குப் பழைய வைத்தியம் தாமிர மருந்து. நம் விவசாயிகளுக்குத் தெரிந்த மயில்துத்தத்தின் பங்காளி. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் புள்ளி ஓடிவிடும், மீன் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே தண்ணீரில் இறால், நத்தை, பவளம் எல்லாம் அம்பேல். இறாலின் ரத்தத்தில் ஓடுவதே தாமிரம்தான் என்பது இதில் வேடிக்கை! சுண்ணாம்புக் கல்லும் மணலும் இந்தத் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிற்பாடு மெல்ல மெல்லக் கக்கும். எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

மாமாவுக்கு போன் போட்டோம்.

"ஆமாம்ப்பா, ரெண்டு தடவை நீல மருந்து ஊத்தினேன். மீனெல்லாம் பிரமாதமா இருந்துச்சே!"

தீர்ந்தது. கோணி வாசலுக்குப் போனது. நண்பரின் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "செப்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது. இதுங்களுக்கு மட்டும் என்ன கேடு?" நியாயம்தானே? கலைத்தட்டில் தாமிரம், சுவாமிமலை விக்கிரகத்தில் தாமிரம், காபி டவராவின் பித்தளையில் தாமிரம். தஞ்சாவூரில் நின்றுகொண்டு தாமிரத்தைக் குறை சொல்லத் தனி தைரியம் வேண்டும்.

அடுத்து ஹீட்டர். குளிர் தேசத்துக்காரர்கள் எழுதிய புத்தகத்தில் முதல் சாமானே அதுதான். பவளத்துக்குச் சௌகரியமான சூடு 24 முதல் 27 டிகிரி. சித்திரை வெயிலில் இந்த ஊரில் பச்சைத் தண்ணீரே வெந்நீர்! மன்னார் வளைகுடாவிலேயே கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்துப் போயின. ஹீட்டர் ஊட்டியில் இருக்கும் மச்சினருக்குப் பார்சல் ஆனது. அதற்குப் பதில் பரணில் இருந்த பழைய டேபிள் ஃபேன் கீழே இறங்கியது. தண்ணீர் மேல் காற்று வீசினால் ஒன்றிரண்டு டிகிரி குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும் என்பதால் தினமும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நடு வெயிலுக்கு ஃபேன் போதாது. குளிர்விக்கும் மெஷின் ஒன்று வாங்கியே ஆகவேண்டும். செலவு அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை, கடல் தண்ணீரையே கேனில் பிடித்து வரலாம் என்று பட்டுக்கோட்டை தாண்டி மனோராவுக்குப் போனோம். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம். எதிரே பாக் நீரிணை, ஆழமில்லாமல் சேறும் கடற்புல்லுமாக. அந்தப் புல்லை மேயும் கடற்பசுவுக்காக 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடற்பசுவுக்கு சொர்க்கம், நம் தொட்டிக்கு உதவாது. ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கிறபோது உப்பின் அளவும் மாறிவிடும். காலி கேனோடு திரும்பினோம்.

"அப்போ வேதாரண்யம் உப்பு?" என்றார் நண்பர். அது சாம்பாருக்கு. உப்பளத்தில் சாதா உப்புதான் படியும், மெக்னீசியமெல்லாம் மிச்சத் தண்ணீரோடு போய்விடும். இதற்கென்றே விற்கும் கலவை உப்புதான் வேண்டும். 255 லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிலோ.

கல்லுக்கு மண்டபம் கரைப் பக்கம் போய்ப் பொறுக்க நினைத்தால், போலீஸ் ஸ்டேஷனையும் பார்த்துவிட்டு வரலாம். பாறை கட்டும் பவளங்கள் 2001-லேயே புலி இருக்கிற பட்டியலில் ஏறிவிட்டன. நண்பர் செயற்கைக் கல்லுக்கு ஒப்புக்கொண்டார். கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை, மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

மோட்டாரை வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்ததும் புதுசாக ஓடியது. துரு இல்லை, வைத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டு 300 கிலோ தாங்கவேண்டும். நாலு பேர் ஏறி உட்கார்ந்து பரீட்சை வைத்தோம், பாஸ்! வீட்டுப் பழைய இன்வெர்ட்டருக்கு முதல் மரியாதை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் ஓடாமல் நின்றால் இந்த ஜீவன்கள் ஒரு ராத்திரி தாங்காது.

கடைசியாகத் தொட்டி. கண்ணாடி பளபள. ஆனால் மூலையில் சிலிகான் நகத்தால் கீறினாலே உரிந்தது. முற்றத்தில் வைத்து நிரப்பிப் பார்த்ததில் மூன்றாம் நாள் கசிவு. நண்பருக்கு மனசே இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் மொத்தச் செலவில் மலிவானது தொட்டிதான். அதில் போய் மிச்சம் பிடிப்பானேன்? இப்போது அதில் தலையாட்டிப் பொம்மைகள் கொலு இருக்கின்றன.

புதுத் தொட்டிக்கு அளவு கொடுக்கப் போனோம். தண்ணீர் வடிக்க அடியில் ஒரு குழாய் வேண்டும்.

"பித்தளை வேணாங்க, பிளாஸ்டிக்கே போடுங்க" என்றார் நண்பர்.

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"சாருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்தானா?"