பதினாயிரம் ஆண்டுக் குன்று

சீன மொழியிலே 'ஃபெங்' என்றால் காற்று. 'ஷுயி' என்றால் நீர். இவ்விரண்டு எளிய சொற்களையும் சேர்த்துச் சொன்ன மாத்திரத்தில், நம்மவர் பலருக்குக் கடைகளில் விற்கும் சிரிக்கும் பொம்மையும், காசைக் கவ்விய மூன்றுகால் தவளையுமே ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சாஸ்திரம் பிறந்த தேசத்தில் அதைப் பொம்மையில் வைக்கவில்லை; ஒரு தலைநகரத்தையே அதன்படி அமைத்தார்கள். பீகிங் என்று நம் முன்னோர் எழுதி வந்த பெய்ஜிங் மாநகரத்தைத் தெற்கிலிருந்து வடக்கே ஒருமுறை நடந்து கடந்தால், அந்தச் சாஸ்திரத்தின் பரிபாஷை முழுவதையும் கல்லிலும் மண்ணிலும் படித்து விடலாம். அப்படி நடந்து பார்ப்பதென்றே நாங்கள் அந்நகருக்குச் சென்றோம்.

மிங் வம்சத்து யொங்லே சக்கரவர்த்தி 1406ஆம் ஆண்டில் தொடங்கி 1420இல் முடித்த அரண்மனை அங்கே இருக்கிறது. தெற்கு வடக்காக 961 மீட்டர். கிழக்கு மேற்காக 753 மீட்டர். சுற்றிலும் 52 மீட்டர் அகலமான அகழி. நகரத்தின் நடுவே ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோடு ஓடுகிறது. பிரதான வாயில்கள், கொலு மண்டபங்கள், மணிக்கூண்டு எல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கின்றன. உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் 2024ஆம் ஆண்டு அந்தக் கோடும் இடம் பெற்றது.

தெற்கே நாங்கள் நுழைந்த வாயிலுக்கு 'வூ' வாயில் என்று பெயர். இந்தச் சிறு சொல்லில்தான் சீன சோதிடத்தின் திறவுகோல் இருக்கிறது. சீனர் பன்னிரண்டு 'பூமிக் கிளைகள்' என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதற் கிளை 'ஸி'. அது வடக்குத் திசை, நள்ளிரவு வேளை, எலி ஆண்டு. ஏழாவது கிளை 'வூ'. அது தெற்குத் திசை, உச்சிவேளை, குதிரை ஆண்டு. திசைக்கும் நேரத்துக்கும் ஆண்டுக்கும் ஒரே பெயர்! தெற்கு வடக்குக் கோட்டை அவர்கள் இன்றும் 'ஸி-வூ கோடு' என்றே சொல்கிறார்கள். நாம் வாஸ்துவை ஒரு நூலாகவும் சோதிடத்தை வேறொரு நூலாகவும் வைத்திருக்கிறோம். அவர்களுக்கோ இடத்தின் கணக்கும் காலத்தின் கணக்கும் ஒரே வாய்பாட்டிலே அடங்குகின்றன. இடம் பார்ப்பவர் கையில் வைத்திருக்கும் 'லுவோபான்' என்ற காந்தத் தட்டில் இந்தப் பன்னிரண்டு கிளைகளோடு இன்னும் பன்னிரண்டு குறிகளைச் சேர்த்து, வட்டத்தை 24 'மலை'களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மலைக்கும் 15 பாகை.

வாயிலைக் கடந்ததும் விசாலமான முற்றம். அதன் குறுக்கே வில்லைப்போல் வளைந்து ஒரு கால்வாய். அதன்மேல் ஐந்து சலவைக்கல் பாலங்கள். கால்வாயின் பெயர் 'பொன்நீர் ஆறு'. வடமேற்கு மூலையில் நுழைந்து, மேற்கு ஓரமாக வந்து, மண்டபங்களின் முன்னே வளைந்து, தென்கிழக்கே வெளியேறுகிறது. இந்த வளைவுக்குக் காரணம் 'ச்சி' என்ற தத்துவம். நம் யோக நூல்களின் பிராணனை நினைவூட்டும் ஓர் உயிர்ப்பு அது. உடலில் ஓடுவதுபோலவே நிலத்திலும் ஓடுகிறதாம். காற்றில் சிதறி, நீரைக் கண்டால் தங்குகிறதாம். ஆகவே பின்னால் காற்றைத் தடுக்க மலையும் முன்னால் ச்சியைத் தேக்க நீரும் வேண்டும் என்றார்கள். சாஸ்திரத்தின் பெயர் பிறந்ததும் இதிலிருந்துதான். இதைச் சொல்லும் பழைய நூல், நான்காம் நூற்றாண்டில் மறைந்த குவோ பூவின் பெயரால் வழங்கும் அடக்க நூல். அதாவது, இறந்தோரைப் புதைக்க இடம் தேடும் நூல். உயிரோடிருப்பவர் வீட்டுக்கு 'யாங் மனை' என்றும், கல்லறைக்கு 'யின் மனை' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

யின், யாங் என்றதும் பெரிய வேதாந்தம் என்று மலைக்க வேண்டியதில்லை. ஒரு குன்றின் நிழல் விழும் பக்கம் யின்; வெயில் படும் பக்கம் யாங். ஆதியில் அவ்வளவே பொருள். பொழுது சாய்ந்தால் நிழற்பக்கம் வெயிற்பக்கமாகும் அல்லவா? ஒன்று வளர மற்றொன்று தேய்வதும், ஒன்றுக்குள் மற்றொன்று மறைந்திருப்பதும் அதிலிருந்து விரிந்த கருத்துக்கள்.

அடுத்தபடி, கூரைகளை அண்ணாந்து பார்த்தோம். எங்கும் மஞ்சள் ஓடுகள். சீனருக்கு ஐந்து 'நடைகள்' உண்டு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் பஞ்ச பூதங்களோடு இவற்றைக் குழப்பலாகாது. இங்கே ஆகாயமும் காற்றும் இல்லை. மரமும் உலோகமும் உண்டு. பூதங்கள் பொருளுக்கு மூலம். நடைகளோ மாறுதலின் படிகள். மரம் எரிந்து நெருப்பாகும். நெருப்பு சாம்பலாகி மண்ணாகும். மண்ணில் உலோகம் விளையும். உலோகத்தில் நீர் துளிர்க்கும். நீரால் மரம் தழைக்கும். இது ஆக்கச் சுற்று. நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும். மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரைத் தடுக்கும். இது அடக்கச் சுற்று. ஒவ்வொரு நடைக்கும் ஒரு திசையும் ஒரு நிறமும் உண்டு. மஞ்சள் நிறம் மண்ணுக்கு, மண் நடுவுக்கு, நடு சக்கரவர்த்திக்கு. கிழக்கே இளவரசர்கள் வசித்த மாளிகைக்கு, வளரும் மரத்தின் நிறமாகிய பச்சை ஓடு. 1776இல் முடிந்த நூல்நிலையத்துக்கு மட்டும் கறுப்பு ஓடு. கறுப்பு நீரின் நிறம்; சுவடிகளுக்குப் பகை நெருப்பு. கூரையிலேயே தண்ணீரைக் காவல் வைத்துவிட்டார்கள்!

வடக்கு வாயிலுக்கு வந்து சேர்ந்தோம். நாற்றிசைக்கும் நான்கு பிராணிகள் காவல்: கிழக்கே நீல டிராகன், மேற்கே வெள்ளைப் புலி, தெற்கே செம்பறவை, வடக்கே பாம்பு சுற்றிய கரிய ஆமை. வடதிசைக் காவலனான 'ஷுவான்வூ'வின் பெயரையே இந்த வாயில் தாங்கியிருந்தது. பிற்காலத்தில் காங்ஷி சக்கரவர்த்தியின் சொந்தப் பெயரில் 'ஷுவான்' என்ற எழுத்து இருந்தபடியால், அதை யாரும் உச்சரிக்கலாகாது என்று 'ஷென்வூ' வாயில் ஆக்கினார்கள்.

வாயிலுக்கு எதிரே எழுகிறது ஜிங்ஷான் குன்று. அது இயற்கைக் குன்று அன்று. சமதரையில் கட்டிய அரண்மனைக்கு முதுகில் மலை இல்லையே என்று, அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர் எழுப்பிய குன்று. முன் ஆண்ட மங்கோலிய வம்சத்தின் அரண்மனை இருந்த இடத்தில், அதன் ச்சி மறுபடி தலைதூக்காதபடி அழுத்தி வைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. உயரம் 45.7 மீட்டர். மிங் காலத்தில் அதற்கு இட்ட பெயர் 'பதினாயிரம் ஆண்டுக் குன்று'.

உச்சி மண்டபத்திலிருந்து தெற்கே நோக்கினால், மஞ்சள் கூரைகள் அலையலையாகத் தெரிகின்றன. அங்கே நின்றபோது சாஸ்திரத்தின் நியாயம் எங்களுக்குப் புலப்பட்டது. இந்நகரில் குளிர்காலத்துக் காற்று வடமேற்கிலிருந்து வறண்டு வீசுகிறது; வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வருகிறது. வடக்கை மூடித் தெற்கைத் திறந்து வை என்பது, குளிரில் நடுங்கிய பாட்டன்மார் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி அல்லவா? பழைய வீதிகளிலும் இதையே கண்டோம். நாற்புறமும் அறைகள், நடுவே முற்றம். தலைமை அறை தெற்கு நோக்கி இருக்கும். தெருவாயில் தென்கிழக்கு மூலையில் அமையும். உள்ளே நுழைந்ததும் குறுக்கே ஒரு மறைப்புச் சுவர். அச்சுவர் துர்த்தேவதைகளைத் தடுக்கிறதோ இல்லையோ, தெருவில் போகிறவர் கண்ணையும் வாடைக் காற்றையும் நிச்சயம் தடுக்கிறது.

ஆனால் அதே குன்று வேறொரு கதையையும் சொல்லுகிறது. இவ்வளவு இலட்சணமாக அமைத்த அரண்மனையின் மூன்று பெரிய மண்டபங்களும், திறப்பு விழா நடந்த சில மாதங்களுக்குள், 1421ஆம் ஆண்டு மே மாதத்தில் இடி விழுந்து எரிந்து போயின. என்ன குறை என்று சக்கரவர்த்தி கேட்டார். தலைநகரை மாற்றியதே குறை என்று எழுதிய அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். பிறகு 1644ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பஞ்சமும் வரிச்சுமையும் மக்களை வாட்டின. படைவீரருக்குச் சம்பளம் பாக்கி. அரசாங்கச் செலவைக் குறைப்பதற்காக அஞ்சல் சாவடியிலிருந்து நீக்கப்பட்ட லீ ஸூசெங் என்பவர் கலகப் படையோடு நகருக்குள் புகுந்தார். சொங்ஜென் சக்கரவர்த்தி வடக்கு வாயிலால் வெளியேறி, இந்தக் குன்றின் கிழக்குச் சரிவில் ஒரு மரத்தில் தூக்கிட்டுக் கொண்டார். பிற்காலத்தில் நட்ட ஒரு மரம் இன்று அந்த இடத்தைக் காட்டுகிறது. முதுகைக் காக்கவென்று எழுப்பிய குன்று, வடக்கே வீசிய காற்றைத் தடுத்தது. வயிறு எரிந்த குடிமக்களைத் தடுக்கவில்லை.

இனிக் காலக் கணக்குக்கு வருவோம். நகரின் கிழக்கே, பழைய மதிலின் மிச்சமொன்றின்மேல், 1442இல் கட்டிய வான ஆராய்ச்சிக் கூடம் நிற்கிறது. 1900ஆம் ஆண்டு பீகிங்கைச் சூறையாடிய அந்நியப் படைகள் இங்கிருந்த வெண்கலக் கருவிகளையும் பங்கு போட்டுக்கொண்டன. ஜெர்மனி கொண்டுபோன கருவிகள் அந்நாட்டின் போட்ஸ்டாம் நகர அரண்மனைத் தோட்டத்தில் அலங்காரமாக நின்றன. 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தின் 131ஆம் ஷரத்து அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று விதித்தது. 1921இல் அவை தாய்நாடு திரும்பின.

இந்தக் கூடம் அரசாங்கப் பஞ்சாங்க இலாகாவைச் சேர்ந்தது. அவர்கள் கணக்கு இதுதான்: பத்து 'வானத் தண்டுகள்', பன்னிரண்டு பூமிக் கிளைகள், இரண்டையும் இணைத்துக்கொண்டே போனால் அறுபதில் முதல் இணை திரும்பி வரும். நம் பிரபவ முதல் அட்சய வரை உள்ள அறுபதைப் போன்றதே. ஆனால் ஒரே சமயத்தில் தொடங்குவதில்லை. நம் பிரபவ 1987இல் பிறந்தது. அவர்கள் சுற்று 1984இல் தொடங்கியது. பிறந்த ஆண்டு, மாதம், நாள், வேளை என்ற நான்கு 'தூண்'களுக்கும் இரண்டிரண்டு எழுத்து வீதம் எட்டு எழுத்துக்கள். அதுவே 'பாட்ஸி' என்ற ஜாதகம். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்ற பிராணிகள் அந்த எட்டெழுத்தில் ஓர் எழுத்துக்கு மட்டும் அடையாளம்.

இந்தக் கணக்குக்கு உயிர்ப்பலியும் உண்டு. 1658இல் இறந்த ஒரு சிசு இளவரசனின் அடக்கத்துக்கு நாளும் இடமும் குறித்ததில், ஐந்து நடைகளைத் தவறான முறையில் கணித்தார்கள் என்றும், அதனாலேயே அவன் தாயும் பின்னர் சக்கரவர்த்தியும் மாண்டார்கள் என்றும் 1664இல் குற்றச்சாட்டு எழுந்தது. இலாகாவின் தலைவராயிருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷாலுக்கு மரண தண்டனை. நகரில் நில அதிர்ச்சி உண்டானதும் அதை ரத்துச் செய்தார்கள். அவர் கீழ் வேலை பார்த்த சீன வானநூலார் ஐவருக்கோ அந்தத் தயை கிட்டவில்லை. 1665இல் அவர்கள் தலைகள் உருண்டன. குற்றம் சாட்டிய யாங் குவாங்ஷியென் இலாகாவின் தலைவரானார். 1668ஆம் ஆண்டு இறுதியில், நட்ட கோலின் உச்சிவேளை நிழல் எவ்வளவு விழும் என்று முன்கூட்டிக் கணிக்கும் பரீட்சை நடந்தது. வெர்பீஸ்ட் என்ற பாதிரியாரின் கணக்குச் சரியாயிற்று, யாங் பதவியிழந்தார். நிழல் யாருக்கும் பயப்படுவதில்லை. ஆனால் ஐந்து குடும்பங்களுக்கு அந்த நிழல் மூன்றாண்டு தாமதமாக விழுந்தது.

அது பழங்கதை என்று தள்ளிவிடலாமா? சீனாவின் அறுபதாண்டுச் சுற்றைக் கடன் வாங்கிய ஜப்பானில், 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. 1965இல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சத்து 20 ஆயிரம். நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம். அடுத்த ஆண்டு எண்ணிக்கை மீண்டும் ஏறிவிட்டது. அறுபது ஆண்டு கழித்து, 2026இல் அதே பெயர் சுற்றி வருகிறது. இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கும் வாயில்லை. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி எத்தனை பெண்களுக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

வீடு கட்டுகிறவர் காற்று வரும் வழியும் வெள்ளம் ஓடும் வழியும் பார்த்துக் கட்டட்டும். அந்த அளவில் சீனத்துப் பெரியோர் நமக்கும் ஆசான்களே. ஆனால் பிறந்த குழந்தையின் கையில் ஓர் எழுத்தைக் கொடுத்து, 'இதுதான் நீ' என்று சொல்லும் உரிமையை, எந்த நாட்டுப் பஞ்சாங்கத்துக்கும் நாம் கொடுக்க வேண்டியதில்லை.